கண்ணாடியில் தெரியும் வரை

முகாமுக்குப் புதிதாக ஒரு வீட்டு வண்டி வந்தால், பக்கத்து மரத்தடிகளில் இருப்பவர்கள் மடக்கு நாற்காலியை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். பேருந்து நீளத்துக்கு இருக்கும் ஒன்றை இரண்டு மரங்களுக்கு நடுவே பின்பக்கமாக நுழைப்பதைவிட நல்ல வேடிக்கை காட்டுக்குள் கிடைக்காது. உள்ளே புருஷன் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பான். வெளியே பெண்டாட்டி கையை ஆட்டிக் கத்துவாள். அவள் சொன்ன இடது அவனுக்கு வலதாகிவிடும். மேசை நொறுங்கும், இல்லாவிட்டால் தண்ணீர்க் குழாய் உடையும். அன்றைக்கு இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் சாப்பிடுவார்கள்.

வெண்டெலும் நோரீனும் யாருக்கும் அந்த வேடிக்கையைக் காட்டியதில்லை. அவர்களுக்குள் கத்தலே கிடையாது. வண்டிக்குப் பின்னால், ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடியில் விழும்படி நோரீன் நிற்பாள். உள்ளங்கை அவளை நோக்கி அசைந்தால் வரலாம். முஷ்டியானால் நிறுத்த வேண்டும். இடைவெளி குறையக் குறைய இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றை நோக்கி ஒன்று வரும். இதற்கெல்லாம் மேலே ஒரே ஒரு சட்டம். அதைப் போட்டவர் வெண்டெல். கண்ணாடியில் நோரீன் தெரியாவிட்டால் வண்டி அசையக் கூடாது.

அது இண்டியானாவில் அவர் பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்திலிருந்து வந்தது. இறங்கிய பிள்ளை கண்ணாடியில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் சக்கரத்தடியில் இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நிற்கிற கார்க்காரன் ஹாரன் அடிக்கட்டும், திட்டட்டும். பிள்ளை தெரிந்த பிறகுதான் பிரேக்கிலிருந்து கால் எழும். தன் வேலையைப் பற்றி அவர் பெருமையாகச் சொல்லி நோரீன் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று இந்த வண்டியை வாங்கினார்கள். கட்டில், அடுப்பு, குளியலறை, எதிரெதிரே உட்கார ஒரு மேசை, எல்லாம் அதற்குள்ளேயே. கோடையில் வடக்கே, குளிரில் தெற்கே. மாநிலப் பூங்காக்களில் தொண்டர்களுக்கென்று நுழைவாயிலோரம் ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள். பூங்கா அந்த இடத்தையும் தண்ணீரையும் மின்சாரத்தையும் கொடுக்கும். இவர்கள் தீக்குழிகளில் சாம்பல் அள்ளுவார்கள், விறகுக் கட்டு விற்பார்கள், கழிப்பறையில் காகிதச் சுருள் மாற்றுவார்கள், இருட்டிய பிறகும் பாட்டை அலற விடுகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே போய் அணைக்கச் சொல்வார்கள். இந்த வருஷம் மிச்சிகனின் வடக்கே, பெல்லமி ஏரிப் பூங்கா.

இருவருமே அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. காலையில் காப்பி இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருப்பார்கள். அந்த மௌனத்தில் நோரீனுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அது இருவரும் சேர்ந்து போர்த்திக்கொள்ளும் கம்பளி மாதிரி. ஆனால் இந்தக் கோடையில் வந்திருந்தது வேறு மௌனம். பேசும்போது வெண்டெல் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. அவள் காதுக்கு அப்பால், தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு பேசுகிறார். முதலில் ஜன்னலுக்கு வெளியே ஏதோ பறவை என்று அவளும் திரும்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. 

ஒருவர் ஒதுங்கி நின்றால்தான் மற்றவர் கடந்து போக முடியும் என்கிற இடத்தில் வாழ்கிறவர்களுக்குக் கோபித்துக்கொள்வதற்கு அறை கிடையாது, அறைந்து சாத்தக் கதவு கிடையாது. ஒருவேளை இப்படிப் பார்க்காமல் இருப்பதுதான் அவருடைய கதவோ என்று நோரீன் நினைத்தாள். இத்தனை வருஷம் கழித்து அலுத்துப்போயிருக்கலாம். அலுப்பதற்கு வயசு ஏது? அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

ஆகஸ்டில் ஒரு நாள் பூங்காவின் விறகு வண்டியை ஓட்டிக்கொண்டு சுற்றிவிட்டு வந்தவர், ஒரு சின்ன சைக்கிளைக் கொண்டுவந்து அலுவலகத்து வாசலில் வைத்தார். முன்சக்கரம் எட்டுப் போட்டு வளைந்திருந்தது. "ரோட்டோரமா கெடந்துச்சு. எவனோ காரை ஏத்திட்டுப் போயிருக்கான்," என்றார். அன்று சாயங்காலம் சூப்பை அப்படியே வைத்துவிட்டார். அவரது முழங்கால்களில் சரளைக்கல் கிழித்த காயம் இருந்ததை நோரீன் பார்த்தாள். வழுக்கிவிட்டது என்றார்.

செப்டம்பரில் புயல் ஒன்று வந்து போனது. மறுநாள் பூங்காவின் ரேஞ்சர் மார்னி கிளைகளை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். அகலத் தொப்பி, சேறு அப்பிய பூட்ஸ், நாற்பதைத் தொடாத பெண். 

"மார்னி, அந்தக் கொடிக்கம்பத்தைப் பாத்தியா? காத்துல வளைஞ்சு போச்சே," என்றார் வெண்டெல்.

மார்னி அண்ணாந்து பார்த்தாள். "வளைஞ்சதா? என்ன வெண்டெல், காலையிலயே ஆரம்பிச்சுட்டீங்களா? காப்பியில என்ன ஊத்திக் குடுத்தாங்க நோரீன்?"

வெண்டெலும் சேர்ந்து சிரித்தார். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். நோரீன் கம்பத்தைப் பார்த்தாள். தச்சன் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது.

அன்றிலிருந்து அவள் கவனிக்கத் தொடங்கினாள். காப்பி ஊற்றும்போது கோப்பையின் விளிம்புக்கு உள்ளே விரலை வளைத்து வைத்துக்கொள்கிறார். சூடு விரலைத் தொட்டதும் நிறுத்துகிறார். மர முளைகளில் எழுதியிருக்கும் இட எண்களை அவளைப் படிக்கச் சொல்கிறார். யாராவது தங்கள் வண்டியைப் பின்னால் எடுத்துத் தரச் சொல்லி வந்தால், "நீங்களே பழகுங்க, நான் என்ன உங்ககூடவே வரப்போறேனா?" என்று அனுப்பிவிடுகிறார். முன்பெல்லாம் அழைக்காமலே எழுந்து போகிறவர். இன்னொன்று அவளை அதிகம் உறுத்தியது. வேலை இல்லாத நேரத்திலும், "அந்தச் சட்டையைப் போட்டுக்கோயேன்," என்கிறார். தொண்டர்கள் போட்டுக்கொள்ளும் கையில்லாத ஆரஞ்சு நிற மேல்சட்டை. "இதைப் போட்டுக்கிட்டுத்தான் உன்கூட நடக்கணுமா? நான் என்ன ரோடு போடறவளா?" என்றாள் ஒரு தடவை. "அது உனக்கு நல்லா இருக்கு," என்றார், அவள் தோளுக்கு அப்பால் பார்த்துக்கொண்டு.

அக்டோபரில் மேப்பிள் இலைகள் கொட்டித் தீர்ந்தன. மார்னி வந்து சொன்னாள்: "திங்கக்கெழம இந்தப் பக்கத்துத் தண்ணியை அடைக்கறோம், இல்லேன்னா குழாய் உறைஞ்சிரும். பட்டறைக்குப் பக்கத்துல இருக்கற இடத்துக்கு வண்டியை மாத்திக்குங்க. நீங்க தெற்கே கெளம்பற வரைக்கும் அங்க தண்ணி வரும்."

"டெக்சஸ் காத்துக்கிட்டிருக்கு. அடுத்த வாரக் கடைசியில கெளம்பிருவோம்," என்றார் வெண்டெல்.

டெக்சஸ் கடலோரத்தில் ஒரு பூங்கா, அங்கேதான் ஒவ்வொரு குளிர்காலமும். இங்கிருந்து கிளம்பினால் சிகாகோவைச் சுற்றிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே, மிஸிஸிப்பியைத் தாண்டி, நாள்கணக்கில் ஓட்ட வேண்டும். ஓட்டுவது எப்போதும் வெண்டெல். நோரீன் பக்கத்து இருக்கையில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்குவாள். இந்த வசந்தத்தில் வடக்கே வரும்போதும் அப்படித்தான் தூங்கினாள்.

அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன சொல்வார் என்பது அவளுக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடி பழசு, வெயில் கூசுது, உனக்குத்தான் கண் தெரியல. இந்த வண்டியை விட்டு இறங்கினால் அவர்களுக்குப் போக இடம் ஒன்றுதான்: மகள் லெஸ்லி வீட்டின் நிலவறை. அதைத் தவிர்க்க வெண்டெல் எந்தப் பொய்யும் சொல்வார். அதை நம்புவதற்குத் தானும் தயாராகத்தான் இருக்கிறோம் என்பது நோரீனுக்கு அதைவிடப் பயமாக இருந்தது. வாயால் கேட்டால் இரண்டு பேரும் சேர்ந்து பொய் சொல்லிவிடுவோம். சைகையில் கேட்டால்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முகாம் காலியாகக் கிடந்தது. வேடிக்கை பார்க்க ஒரு நாற்காலிகூட இல்லை. பட்டறைக்குப் பக்கத்து இடத்தின் வாயிலில் வண்டியைக் கொண்டுவந்து திருப்பி நிறுத்தினார் வெண்டெல். நோரீன் இறங்கிப் பின்னால் போனாள். எப்போதும் நிற்கிற இடத்தில், கண்ணாடிக்கு நேராக, தன்னுடைய உயரமான மடக்கு நாற்காலியை விரித்து வைத்தாள். ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி அதன் முதுகில் மாட்டினாள். பிறகு ஒதுங்கிப் போய் பைன் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

அவர் நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தாள். ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "ஏ கெழவி, எங்க போய்த் தொலைஞ்ச? நாற்காலியா எனக்குக் கைகாட்டும்?" என்று கேட்பார். அவள் சிரித்துக்கொண்டே வெளியே வருவாள். எல்லாம் சரியாகிவிடும். அப்படி ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் மரத்துக்குப் பின்னால் நின்றாள்.

வண்டி மெல்லப் பின்னால் வந்தது. அவருடைய முகம் கண்ணாடியை நோக்கித் திரும்பியிருந்தது. வந்தது. இன்னும் வந்தது. நோரீன் வாயைத் திறந்தாள். கத்திப் பழக்கமில்லாத தொண்டை கத்தவில்லை. அலுமினியக் குழாய்கள் மடங்கும் சத்தம் கேட்டது. ஆரஞ்சுத் துணி வண்டிக்கு அடியில் போனது.

வண்டி குலுங்கி நின்றது. கதவு திறந்தது. வெண்டெல் படியைத் தவறவிட்டுத் தரையில் விழுந்து எழுந்தார். "நோரீன்!" என்று கத்தினார். "நோரீன்!" வண்டியின் பக்கவாட்டைக் கையால் தேய்த்துக்கொண்டே ஓடிவந்து, பின்சக்கரத்தடியில் மண்டியிட்டார். இரண்டு கைகளாலும் தடவினார். துணி கையில் பட்டதும் அதைப் பிடித்து இழுத்தார். அதற்கு மேலே எதையோ தேடி, குழாய்களுக்கு நடுவே, சரளையில், டயரின் ஓரத்தில் தடவிக்கொண்டே இருந்தார். அவர் தொண்டையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தை நோரீன் இதுவரை கேட்டதில்லை.

"இங்க இருக்கேன்," என்றாள். மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். மறுபடியும் சொன்னாள். "வெண்டெல். நான் இங்கதான் இருக்கேன். எனக்கு ஒண்ணுமில்ல."

அவர் திரும்பினார். அவளுக்கு அப்பால் இருந்த பட்டறைச் சுவரைப் பார்த்தார். கைகள் சட்டையைப் பிடித்தபடியே இருந்தன.

அவள் போய்ப் பக்கத்தில், அந்தச் சரளையிலேயே உட்கார்ந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவரும் அதை அணைக்க எழவில்லை. ஏரியிலிருந்து வாத்துகள் கிளம்பித் தலைக்கு மேலே போயின. அவற்றின் சத்தம் தெற்கே போய்த் தேய்ந்து, அப்புறம் இல்லாமலே போகும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீயா வெச்ச?" என்றார்.

"ஆமா."

"சட்டையையும்?"

"ஆமா."

அவர் தலையசைத்தார். "இது கொடுமை," என்றார்.

"தெரியும். நீ நிறுத்திருவேன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

"நடுவுல ஒண்ணும் இல்ல நோரீன். ஓரமெல்லாம் இருக்கு. ரோட்டோட ரெண்டு ஓரமும் தெரியுது, மரம் தெரியுது, வானம் தெரியுது. எதை நேரா பாக்கறேனோ அது மட்டும் இல்ல. யாரோ விரலால அழிச்ச மாதிரி. டெக்சஸ்லயே டாக்டர்கிட்டப் போனேன். டயர் பாக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேனே, அன்னிக்கு. இதுக்கு வைத்தியம் இல்ல, வண்டி ஓட்டாதேன்னான்."

"அப்புறந்தான் இவ்வளவு தூரம் ஓட்டிக்கிட்டு வந்தியா?"

"ஆமா."

"நான் தூங்கிக்கிட்டிருந்தேன்."

"நீ தூங்கினதாலதான் ஓட்ட முடிஞ்சுது," என்றார். "முழிச்சிருந்தா உன் மூச்சு மாறியிருக்கும். எனக்குப் பயம் வந்திருக்கும்."

நோரீன் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணுக்குள் சிகாகோவின் லாரிகள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தன. அவள் செருப்பில்லாத காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த சைக்கிள்," என்றார் வெண்டெல். "காரு இல்ல. நான்தான். விறகு வண்டி எது மேலயோ ஏறுச்சு. எறங்கி இப்படித்தான் தடவினேன். சைக்கிள் கெடச்சுது. அதுக்குப் பக்கத்துல வேற ஏதாவது இருக்கான்னு ரோடு பூரா, புல்லு பூரா, தடவிக்கிட்டே இருந்தேன். அப்புறம் தூரத்துல அந்த சைக்கிள்காரப் பொண்ணு சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. ஏரியில குளிச்சுக்கிட்டிருந்தா." கையிலிருந்த சட்டையை மடியில் வைத்து மடிக்கத் தொடங்கினார். "அதுக்கப்புறமும் ஓட்டினேன். அதை யோசிச்சுப் பாரு. நான் அதுக்கப்புறமும் ஓட்டினேன்."

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. அது பரவாயில்லை என்று விடுகிற விஷயம் இல்லை. அவர் மடித்துக்கொண்டிருந்த கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"என் மொகம்?" என்று கேட்டாள். எப்படிக் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"நேரா பாத்தா இல்ல." அவர் முகத்தைத் திருப்பி, அவள் காதுக்கு அப்பால் பார்த்தார். "இப்படிப் பாத்தா இருக்கு. ஓரத்துல. கொஞ்சம் மங்கலா. ஆனா நீதான்."

கோடை முழுவதும் அவள் தோளுக்கு மேலே போய்க்கொண்டிருந்த அந்தப் பார்வை. நோரீன் அழுதாள். சத்தமில்லாமல்தான். அவர் எப்படியோ தெரிந்துகொண்டு, மடித்த சட்டையை அவளிடம் நீட்டினார். அதில் டயரின் மண் இருந்தது. அதிலேயே துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவரே விறகு வண்டியின் சாவியை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். நோரீன் கூடப் போனாள். அவர் தனியாகத்தான் சொல்வேன் என்றதால் வாசலில் நின்றாள். கதவு சாத்தியிருக்கவில்லை. எல்லாம் கேட்டது. வெண்டெல் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. கண், சைக்கிள், அதற்குப் பிறகும் ஓட்டியது.

மார்னியின் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. பேசியபோது, கொடிக்கம்பத்தைப் பார்த்துச் சிரித்த குரல் அது இல்லை. "என் பொண்ணும் அந்த ரோட்டுலதான் சைக்கிள் ஓட்டுவா."

"தெரியும்."

"அடுத்த வருஷம் உங்களைக் கூப்பிட முடியாது வெண்டெல். மேலே எழுதித்தான் ஆகணும்."

"எழுது. எழுதலேன்னாத்தான் எனக்குக் கஷ்டம்."

சாவி மேசைமேல் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. வெண்டெல் வெளியே வந்து கதவோரத்தைப் பிடித்து நின்றார். வயசு அவர் மேல் ஒரே நாளில் இறங்கியிருந்தது. ஆனால் கோடையில் இல்லாத ஒரு நிமிர்வும் இருந்தது.

அன்று லெஸ்லிக்குப் போன் போட்டார்கள். அவள் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு நிலவறையை ஒழித்துக் கட்டில் போட்டுவிடுவதாகவும் யாரையாவது அனுப்பி அழைத்துக்கொள்வதாகவும் சொன்னாள். வண்டியை மிச்சிகனிலேயே விற்றுவிடலாம் என்றாள். போனை வைத்த பிறகு இருவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்த நிலவறையில ஜன்னலே கெடையாது," என்றார் வெண்டெல்.

"உனக்கு ஜன்னல் எதுக்கு?"

அவர் முதலில் திகைத்தார். பிறகு சிரித்தார். நோரீனும் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் மௌனம் திரும்பி வந்தது. அது பழைய மௌனம்தான், கம்பளி மாதிரியானது. அதற்குள் உட்கார்ந்துகொண்டு அவள் ஸ்டீயரிங்கைப் பார்த்தாள். மேசையிலிருந்து நான்கு எட்டுத் தூரம்கூட இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த இருக்கையில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. பக்கத்து இருக்கை அவளுடையது, இது அவருடையது. கட்டிலில் இடது பக்கம், வலது பக்கம் மாதிரி. யாரும் சொல்லி வைத்ததில்லை.

"நான் ஓட்டறேன்," என்றாள்.

"என்னத்தை?"

"இதைத்தான். வேற என்னத்தை?"

அவர் ஸ்டீயரிங் பக்கம் திரும்பினார். "இண்டியானால கடைக்குப் போனா காரை நிறுத்த, ஓரமா ரெண்டு இடம் சேர்ந்து காலியா இருக்கான்னு தேடினவ நீ."

"ஆமா. ரெண்டு இடம் எடுத்துக்கறேன். டெக்சஸ்ல எடத்துக்கா பஞ்சம்?"

"டெக்சஸ் பூங்காக்காரங்ககிட்டயும் கண்ணைப் பத்திச் சொல்லணும். வேண்டாம்னுட்டா?"

"வேண்டாம்னா வேற எங்கயாவது நிப்போம். வண்டி நம்மளுதுதானே."

மத்தியானம் மார்னி வந்து பட்டறைக் கதவைப் பூட்டினாள். இவர்கள் வண்டிப் பக்கம் வராமல் போகத்தான் பார்த்தாள். நோரீன் எதிரே போய், தான் ஓட்டப் பழகப்போவதைச் சொன்னாள். மார்னி பூட்ஸ் நுனியால் இலைகளைத் தள்ளிக்கொண்டு நின்றாள். கோபம் இன்னும் தணியவில்லை. அதை மறைக்கவும் இல்லை.

"ஏரிக்கரைல கார் நிறுத்தற மைதானம் காலியாத்தான் இருக்கு," என்றாள் கடைசியில். "வெள்ளிக்கெழமைதான் வாசலை மூடிச் சங்கிலி போடுவோம். அதுவரைக்கும் யாரும் வர மாட்டாங்க." நடந்தவள் திரும்பினாள். "அவரு ஓட்டக் கூடாது. இங்கருந்து அங்க போறதுக்குக்கூட."

"கூடாது," என்றாள் நோரீன்.

மைதானத்துக்குப் போகிற அந்தக் கொஞ்ச தூரம் அவள் வாழ்க்கையிலேயே நீளமான தூரம். பக்கத்து இருக்கையில் வெண்டெல் கைகளைத் தொடையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, என்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தார். "இப்ப விடு. மிதிக்காதே, விடு. அது தானா எறங்கும்," என்பார். பிறகு பேச மாட்டார். வளைவில் பின்பக்கம் எவ்வளவு தள்ளி வருகிறது என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. முதல் நாள் நடைபாதைக் கல்லில் ஏற்றினாள். இரண்டாம் நாள் குப்பைத் தொட்டி ஒன்று சாய்ந்தது. "நல்லவேளை, நாற்காலி இல்ல," என்றார். அவள் கோபத்தோடு இறங்கிப் போய்த் தொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தாள்.

முன்னால் ஓட்டுவது மெல்ல மெல்ல வந்தது. பின்னால் எடுப்பதுதான் பாக்கி.

சங்கிலி போடுவதற்கு முந்தின சாயங்காலம். ஏரி சாம்பல் நிறமாகக் கிடந்தது. காற்றில் பனியின் வாடை இருந்தது. வெண்டெல் டயர் மண் படிந்த ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனார். அவருக்குத் தூரம் தெரியாது. அவர் காட்டும் சைகையை நம்பி வர முடியாது. இருவரும் அதைப் பேசியிருந்தார்கள். "நான் பாத்துக்கறேன். நீ நின்னா போதும்," என்று நோரீன் சொல்லியிருந்தாள்.

கண்ணாடியில் அவர் தெரிந்தார். சின்னதாக, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு. இத்தனை காலம் அவர் தன்னைப் பார்த்தது இப்படித்தான் என்று அவளுக்குத் தோன்றியது. உள்ளங்கை அகலத்தில் ஒரு ஆள். அதை நம்பி இவ்வளவு பெரிய பாரத்தை நகர்த்தியிருக்கிறார்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வண்டி பின்னால் போனது. மெல்ல. இன்னும் மெல்ல. வெள்ளைக் கோடு சக்கரத்தோரம் ஒழுங்காக வந்தது. முதல்முறையாகச் சரியாகப் போகிறது என்ற சந்தோஷத்தில் ஒரு கணம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மேலே எடுத்தபோது கண்ணாடியில் அவர் இல்லை.

கால் பிரேக்கில் இறங்கியது. வண்டி நின்றது. அலமாரிக்குள் தட்டுகள் ஒன்றோடொன்று மோதி அடங்கின.

அவர் இல்லை. தார்த் தரை இருந்தது, ஏரி இருந்தது. வலது பக்கக் கண்ணாடியிலும் இல்லை. விழுந்திருப்பாரோ? இறங்கிப் பார்க்கலாமா? இறங்கவில்லை. காலை எடுக்கவும் இல்லை. பிரேக்கை மிதித்தபடி, அந்த வெறும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஏரியில் வெளிச்சம் ஒரு சாயல் குறைந்தது.

வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கை உரசும் சத்தம் முன்னால் நகர்ந்து வந்தது. அவள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் வெண்டெல்.

"நீ தெரியல."

"வேணும்னுதான் ஒதுங்கினேன்."

"தெரியும், பாவி மனுஷா."

"எவ்வளவு நேரம் இப்படியே உக்காந்திருப்ப?"

"நீ தெரியற வரைக்கும்."

அவர் கையை மேலே நீட்டினார். ஜன்னல் விளிம்பில் இருந்த அவள் முழங்கையைத் தேடித் தொட்டார். பிறகு திரும்பி, வண்டியை ஒரு கையால் தடவிக்கொண்டே பின்னால் நடந்தார்.

கண்ணாடியில் முதலில் ஆரஞ்சு நிறம் வந்தது. பிறகு தோள், பிறகு வெள்ளைத் தலை. நடுவில் வந்து நின்று இவள் பக்கம் திரும்பினார். முகம் சற்று ஓரமாக, ஏரியைப் பார்க்கிற மாதிரி இருந்தது. தன்னைத்தான் பார்க்கிறார் என்று நோரீனுக்குத் தெரியும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.